சேமித்த பொருளும் கலாசாலை உதவியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் குடியேறி வாழும் நம்மவரின் மக்கள் ஆங்குக் கலாசாலையிற் சேருங்கால், அவர்கள் பெறத்தக்க பொருளுதவி எவ்வாறு அளவிடப்படுகின்றது என்பதைப் பற்றிப் பேசுமாறு சங்கத்துக் காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். இலக்கணம் கற்பிக்கும் பண்டிதருக்கும் டாலர்க் கணக்குக்கும் யாது இயைபு என்று முன்வரிசையில் அமர்ந்துள்ளோர் சிலர் புன்னகை புரிதல் எமக்குத் தெரிகின்றது. இயைபு உண்டு. ஒரு பெயர் எவ்வேற்றுமையில் நிற்கின்றது என்பது கொண்டு வாக்கியத்தின் பொருள் வேறுபடுதல் போல, ஒரு பணம் எவர் பெயரில் நிற்கின்றது என்பது கொண்டு இக்கணக்கின் விடை வேறுபடுகின்றது. யாம் சொல்லப் புகுவதன் சாரம் ஏறக்குறைய இவ்வளவே.

சங்க அலுவலகத்துக்கு வந்த இரண்டு கடிதங்கள் இப்பேச்சுக்குக் காரணமாயின. ஒன்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதியது. அவருடைய மகனார் குடும்பம் அந்நாட்டிற் குடியுரிமை பெற்றுள்ளது. பேத்திக்குப் பதினாறு வயது நிரம்புகின்றது. பெரியவர் தம் நன்செயில் ஒரு பகுதியை விற்றுத் தொகையைக் கையில் வைத்திருக்கின்றார். அத்தொகையைப் பேத்தியின் பெயரிலேயே அந்நாட்டு வங்கியிற் போட்டுவிடலாமா என்பது அவர் வினா. மற்றொன்று ஓர் அம்மையார் எழுதியது. ஆங்குள்ள அவர் மருமகனார், "சேமித்தவனுக்கு உதவி இல்லை, செலவழித்தவனுக்கே உதவி, ஆகவே இனிச் சேமிப்பது மடமை" என்று கூறிச் சேமிப்பை அடியோடு நிறுத்திவிட்டாராம். இது மெய்தானா என்றும், மெய்யாயின் தம் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த புத்தி பொய்யாய் விடுமே என்றும் அம்மையார் வருந்தி எழுதியிருக்கின்றார்.

இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காணுமுன், அந்நாட்டு ஏற்பாட்டின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் உயர்கல்விச் சட்டம் 1965ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனாற் கையொப்பமிடப் பெற்றது. டெக்சாஸ் மாகாணத்தில் தாம் பயின்ற கலாசாலைக்கே சென்று அவர் அதிற் கையொப்பமிட்டார். அவர் இளமையில் அம்மாகாணத்துக் கோட்டுல்லா என்னும் சிற்றூரிலே மெக்சிகோ மரபினராகிய ஏழைச் சிறார்க்குப் பாடம் சொன்னவர். பள்ளி ஆசிரியராயிருந்த ஒருவரின் கையொப்பம் இதில் இருத்தல் எமக்கு ஒரு தனி உவகை, அது நிற்க. 1972இல், திருப்பித் தர வேண்டாத கொடை ஒன்று ஏழை மாணவர்க்கென வகுக்கப்பட்டது. அதற்காக முன்னின்று உழைத்த ரோட் ஐலண்டுச் செனட்டர் கிளெயிபோர்ன் பெல் என்பாரின் பெயர் 1980இல் அதற்கு இடப்பட்டது. இப் 'பெல் கொடை'யின் உச்ச அளவு 2025–26 கல்வியாண்டில் 7,395 டாலர்.

இவ்வேற்பாட்டின் அடிக்கருத்து யாது? பிள்ளையைப் படிப்பிக்கும் கடன் முதற்கண் குடும்பத்தினுடையது; குடும்பத்தால் இயன்ற அளவுக்கு மேல் நிற்கும் குறையை நிரப்புவதே அரசினர்க்கும் கலாசாலைக்கும் உரிய கடன் என்பதாம். இது நமக்குப் புதிதன்று. ஆனால் 'இயன்ற அளவு' என்பதை அளப்பது எங்ஙனம்? நம் ஊரிலாயின், வீட்டின் முகப்பைப் பார்த்தும், சென்ற ஆண்டு நடந்த திருமணத்தின் சிறப்பைப் பார்த்தும், "அவனுக்கென்ன குறை?" என்று திண்ணையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். முப்பத்துநான்கு கோடி மக்கள் வாழும் நாட்டில் அது நடவாது. ஆதலின் அவர்கள் ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருக்கின்றனர். 'ஃபாஃப்சா' என்று சுருக்கி வழங்குவர். பெற்றோர் மாணவர் இருதிறத்தாருடைய வருமானத்தையும் கையிருப்பையும் அதில் எழுத, அரசினர் அவற்றை ஒரு வாய்பாட்டில் இட்டு ஓர் எண்ணைத் தருவர். அவ்வெண் முன்பு 'குடும்பத்தினின்று எதிர்பார்க்கப்படும் பங்கு' எனப் பெயர் பெற்றிருந்தது. 2020 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின்படி 2024–25 கல்வியாண்டு முதல் 'மாணவர் உதவிக் குறியெண்' என்றாயிற்று. பெயர் மாற்றம் நன்றே. பழைய பெயரைக் கேட்டோர், அவ்வளவு கட்டினாற் போதும் போலும் என மயங்கிப் பின்னர் இடர்ப்பட்டனர். இப்புதிய குறியெண் பூச்சியத்துக்கும் கீழே 1,500 வரை இறங்கவும் கூடும்.

கட்டணம், உறையுள், உணவு, புத்தகம், போக்குவரவு அனைத்தும் சேர்ந்த ஆண்டுச் செலவினின்றும் இக்குறியெண்ணைக் கழித்து, வேறு வழியால் வந்த உதவிகளையும் கழிக்க, எஞ்சுவது 'தேவை' எனப்படும். தேவை முழுவதும் நிரப்பும் கலாசாலைகள் சிலவே. பெரும்பாலானவை ஒரு பகுதியை நிரப்பிவிட்டுக் கைவிரிக்கும்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக்கிவிடல் வேண்டும். அரசினர் தரும் இவ்வுதவி குடிமக்களுக்கும் நிரந்தர வாழ்வுரிமை பெற்றோர் போன்ற சிலர்க்குமே உரியது. இங்கிருந்து மாணவர் அனுமதி பெற்று மேற்படிப்புக்குச் செல்லும் நம் வாலிபர்க்கு அதில் ஒரு டாலரும் கிடையாது. ஹெச்-1பி அனுமதியில் வேலை பார்ப்போரின் பிள்ளைகள் ஹெச்-4 அனுமதியில் இருக்கும் வரை, அந்நாட்டுப் பள்ளியிலேயே பத்தாண்டு படித்தவராயினும், அவர்க்கும் கிடையாது. இதனை அறியாது கடைசி ஆண்டில் மனமுடைந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

இனி மருமகனார் கூற்றை எடுத்துக்கொள்வோம். சேமித்தவனுக்கு உதவி இல்லை என்பது எத்துணை மெய்?

பலர் எண்ணுவதுபோல இவ்வாய்பாட்டிற் சேமிப்பு முதலிடம் பெறுவதில்லை. முதலிடம் வருமானத்துக்கே. செலுத்திய வரியும் குடும்பச் செலவுக்கென விடப்படும் தொகையும் போக எஞ்சும் பெற்றோர் வருமானத்தில், படிப்படியாக 22 முதல் 47 விழுக்காடு வரை குறியெண்ணிற் சேர்கின்றது. சேமிப்பை அவ்வாறு நேரே சேர்ப்பதில்லை. முதலில் அதன் 12 விழுக்காட்டை மட்டும் பிரித்தெடுப்பர். அப்பன்னிரண்டின் மேலேதான் அந்த 22 முதல் 47 விழுக்காடு ஏறும். பெருக்கிப் பாருங்கள்: பெற்றோர் பெயரில் உள்ள நூறு டாலருக்கு உச்சமாகச் சேர்வது 5 டாலர் 64 சென்று, கீழ்ப்படியில் உள்ளோர்க்கு 2 டாலர் 64 சென்று.

ஒரே வருமானமுடைய இரண்டு குடும்பங்களை எண்ணுக. ஒரு குடும்பம் பதினைந்து ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்து 50,000 டாலர் வைத்துள்ளது. மற்றது ஒன்றும் வைத்திலது. சேர்த்த குடும்பத்துக்குக் குறியெண் மிகுவது உச்ச அளவில் 2,820. மருமகனார் இந்த 2,820ஐக் காண்கின்றார். கையில் நிற்கும் 47,180ஐக் காண்கின்றிலர். பட்டணத்துக்குப் போகச் சுங்கம் கேட்கின்றார்கள் என்று வண்டிச் சரக்கை ஆற்றிற் கொட்டியவன் கதையாக அன்றோ இது முடிகின்றது!

அந்த 2,820ஐயும் இழந்த பணம் என்று எழுதிக்கொள்ளுதல் தகாது. என்னை? 'உதவி' என்னும் சொல் அந்நாட்டில் மூன்று பொருள்களைக் குறிக்கின்றது. திருப்பித் தர வேண்டாத கொடை ஒன்று, கலாசாலையிலேயே சில மணி நேரம் வேலை செய்து பெறும் கூலி ஒன்று, கடன் ஒன்று. கடனையும் உதவி என்னும் பெயராலேயே அனுமதிக் கடிதத்தில் அச்சிடுவர். முதலாண்டு மாணவர் ஒருவர் பெற்றோரைச் சார்ந்திருப்பவராயின் அரசினரிடம் 5,500 டாலர் வரை கடன் பெறலாம். அதில் 3,500 டாலருக்கு மேற்படாத ஒரு பகுதிக்கே, அதுவும் தேவையுடையோர்க்கே, படிக்குங்காலத்து வட்டியை அரசினர் ஏற்பர். ஆகவே சேமிப்பினால் உதவி குறைந்தது என்று முறையிடுவோர் பலர் மெய்யாக இழப்பது வட்டிச் சலுகையுடைய கடனில் ஒரு துண்டையே. தேவையை முழுதும் நிரப்பாத கலாசாலையிலோ, தேவை சிறிது குறைந்தமையால் கிடைக்கும் தொகை மாறாமலும் இருந்துவிடும். சேமிப்பில்லாதவர் அக்குறையை வெளிக்கடன் வாங்கியே அடைத்தல் வேண்டும்.

கொடை பெறும் நிலையிலுள்ள எளிய குடும்பத்தார்க்குச் சேமிப்பால் தீங்கு வாராதோ எனின், அதற்கும் ஒரு வாயில் திறந்துள்ளது. பெற்றோர் வருமானம் 60,000 டாலருக்குக் குறைந்து, வரிக்கணக்கும் எளியதாக இருப்பின், கையிருப்பு எவ்வளவு என்ற வினாவே அவர்களிடம் எழுப்பப்படுவதில்லை.

எனினும் மருமகனார் சினத்தில் நியாயமே இல்லை என்று யாம் சொல்லோம். முற்காலத்தில் பெற்றோரின் வயதுக்கேற்ப ஒரு தொகை 'இது முதுமைக்கு' என்று கணக்கினின்றும் விலக்கப்பட்டது. ஆண்டுதோறும் அது தேய்ந்து தேய்ந்து 2023–24இற் பூச்சியமாயிற்று. முன்பு இரு பிள்ளைகள் ஒரே காலத்திற் கலாசாலையிற் படித்தால் பெற்றோர் பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2024–25 முதல் அதுவும் இல்லை. ஆர்வர்டு சர்வகலாசாலைப் பொருளாதார அறிஞர் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன் 1995இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், இவ்வுதவி விதிகள் சேமிப்பின் மேல் விதித்த மறைமுக வரியாகவே தொழிற்பட்டு மக்களைச் சேமிக்கவொட்டாமல் தடுக்கின்றன என்று வாதித்தார். பின்னர் ஆராய்ந்தோர் சிலர் அவ்விளைவு அவர் கணித்த அளவு பெரிதன்று என்றனர். யாம் ஃபெல்ட்ஸ்டைனார் பக்கம் ஓரடியும், பின்வந்தோர் பக்கம் மூன்றடியும் நிற்கின்றோம். வரி போன்றதுதான், ஆனால் நூற்றுக்கு ஐந்தரைச் சொச்சம் வரியென்று அஞ்சி வருவாயையே துறப்பார் உளரோ?

மேலும், கணக்கிற் சேராத சேமிப்புக்கள் பல உள. குடும்பம் குடியிருக்கும் வீடு சேராது. ஓய்வுக் காலத்துக்கென 401கே, ஐஆர்ஏ முதலிய கணக்குகளில் இட்ட தொகை சேராது. ஆயுள் காப்புறுதியின் மதிப்புச் சேராது. வீட்டுத் தட்டுமுட்டுக்களையும் அணிந்துகொள்ளும் நகைகளையும் எவரும் கேளார். தாய்மார்கள் ஆறுதல் அடையலாம். ஆனால் முதலீடாக வாங்கி வைத்த தங்கக் கட்டி முதலீடே. குடும்பத்தார் நடத்தும் சிறு தொழிலும் பண்ணை நிலமும் 2024–25இற் கணக்கிற் கொணரப்பட்டு, 2025 ஜூலையில் இயற்றிய சட்டத்தால் 2026–27 கல்வியாண்டு முதல் மீண்டும் விலக்கப்பட்டுள்ளன. தொழிலாயின் நூறு பேருக்கு மேற்படாத வேலையாட்களை உடையதாக இருத்தல் வேண்டும்.

இனிப் பெரியவர் வினாவுக்கு வருவோம். இதுவே யாம் மிகவும் கவலையோடு பேச விரும்பும் பகுதி.

பிள்ளை பிறந்தவுடன் 'பிள்ளை பெயரில் போட்டுவைத்தல்' நம் மரபினரின் நீண்ட நாள் வழக்கம். பெயர் சூட்டும் நாளில் வந்த பணமும், தாய்மாமன் தந்ததும், பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததும் பிள்ளையின் பெயரிலேயே நிற்கும். அதைத் தகப்பன் தொடுவதும் பழி என்று எண்ணுவோம். உயர்ந்த குணமே. ஆனால் அமெரிக்க வாய்பாட்டில், மாணவருக்கே உரிய பொருளில் நூற்றுக்கு 20 டாலர் குறியெண்ணிற் சேர்கின்றது. பிள்ளையின் பொருள் பிள்ளையின் படிப்புக்கே என்பது அவர்கள் வாதம். அதனை மறுத்தல் அரிது. மேற்சொன்ன அதே 50,000 டாலர் பெற்றோர் பெயரில் இருந்தால் உச்சமாக 2,820. பேத்தியின் பெயரில் இருந்தால் 10,000. பணம் ஒன்று, அன்பு ஒன்று, வீடும் ஒன்று. பெயர் மாறியதால் 7,180 வேறுபாடு. அதுவும் ஓராண்டோடு தீர்வதன்று. எஞ்சிய தொகையின்மேல் ஆண்டுதோறும் இக்கணக்கு மீண்டும் நடைபெறும்.

மற்றொரு செய்தியும் உண்டு. இளவயதினர்க்கெனப் பெற்றோர் காப்பாளராக நின்று நடத்தும் கணக்கில் ஒருமுறை இட்ட பணத்தை மீட்டுக்கொள்ள முடியாது. சட்டப்படி அது பிள்ளையினுடையதே. மாகாணத்துக்கேற்பப் பதினெட்டிலோ இருபத்தொன்றிலோ முழு ஆளுகையும் பிள்ளையின் கைக்குப் போய்விடும். அப்பிள்ளை அதனைக் கல்விக்குச் செலவிட்டாலும் சரி, மோட்டார் வண்டிக்குச் செலவிட்டாலும் சரி, கேட்பாரில்லை.

ஏற்கனவே பிள்ளை பெயரில் இட்டுவிட்டோர் யாது செய்வது? வரிச் சட்டத்தின் 529ஆம் பிரிவால் பெயர் பெற்ற கல்விச் சேமிப்புத் திட்டம் ஒன்று 1996 முதல் அந்நாட்டில் உள்ளது. அதில் வளரும் வருவாய், கல்விக்கே செலவிடப்படுமாயின், மத்திய அரசின் வருமான வரிக்கு உட்படாது. காப்பாளர் கணக்கிலுள்ள தொகையை அப்பிள்ளைக்கே உரிய 529 கணக்காக மாற்றலாம். பெற்றோரைச் சார்ந்த மாணவராயின், அக்கணக்கு மாணவர் பெயரில் இருப்பினும் பெற்றோர் பொருளாகவே எண்ணப்படும். இருபது ஐந்தரையாகச் சுருங்கிவிடும். விற்று மாற்றுங்கால் வரும் வருவாய்க்கு வரி உண்டாதலின், ஆங்குள்ள வரிக் கணக்கரைக் கலந்தே செய்தல் வேண்டும்.

ஆகவே பெரியவர்க்கு எம் விடை: பேத்தியின் பெயரில் இட வேண்டா. மகனாரின் கைக்கு அனுப்பி அவர் தம் பெயரில் 529 கணக்குத் தொடங்கச் சொல்லலாம். அல்லது, இது எமக்கு இன்னும் பிடித்த வழி, தொகையை இங்கேயே தம் பெயரில் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் வேண்டிய அளவை மகனாருக்கு அனுப்பி வரலாம். எழுபது வயதுக்கு மேற்பட்டோர் தம் மருத்துவச் செலவுக்கு மகன் முகம் பார்க்காதிருத்தலும் ஒரு செல்வமே அன்றோ?

தாத்தா பாட்டி தரும் பணத்தைப் பற்றிய விதி அண்மையில் மாறியதை இங்கே சொல்லுதல் தகும். முன்னைய படிவத்தில், மாணவர்க்குப் பெற்றோரல்லாதார் தந்த பணமோ, மாணவர்க்காக அவர்கள் கட்டிய செலவோ உண்டா என்று ஒரு வினா இருந்தது. 'உண்டு' என்று எழுதினால் அது மாணவரின் வருமானமாகி, விலக்குத் தொகைக்கு மேற்பட்டதிற் பாதி குறியெண்ணிற் சேர்ந்தது. பாட்டி ஆயிரம் தந்தால் ஐந்நூறு உதவி குறையக்கூடும் என்ற நிலை! 2024–25 முதல் அவ்வினா நீக்கப்பட்டது. தாத்தா பாட்டி தம் பெயரில் வைத்துள்ள 529 கணக்கையும் இப்படிவம் கேட்பதில்லை. அக்கணக்குத் தொடங்க அந்நாட்டு வரி எண் வேண்டுமாதலின் இங்கிருப்போர்க்கு அது எளிதன்று; அங்கேயே குடியேறிய பெரியோர்க்குப் பயன்படும். மகன் வீட்டிலேயே வாழ்ந்து, தம் செலவிற் பாதிக்கு மேல் மகனால் தாங்கப்படும் பெற்றோரைக் குடும்ப எண்ணிக்கையிலும் சேர்க்கலாம். அதனால் குடும்பச் செலவுக்கென விடப்படும் தொகை மிகும். தாய் தந்தையரை உடன் வைத்துக் காப்போர்க்கு அயல்நாட்டு வாய்பாடும் சிறிது இரங்குகின்றது.

பெரியவர் நிலம் அவர் பெயரில் இருந்தது நல்லதாயிற்று. மகனார் பெயரில் இருந்திருப்பின் கணக்கு வேறாகும். குடியிருக்கும் வீடு ஒழிந்த ஏனைய நிலமும் மனையும் எந்நாட்டில் இருப்பினும் முதலீடாக எழுதப்பட வேண்டியவை. பங்கு பிரியாத சொத்தில் தம் பங்கை மட்டும் எழுதினாற் போதும். இன்னும் நுணுக்கமான இடம் ஒன்றுண்டு. கையிருப்பைப் படிவம் எழுதும் நாளின் நிலைப்படி எழுதுவர்; வருமானத்தையோ இரண்டாண்டுக்கு முந்திய வரிக்கணக்கினின்றும் எடுப்பர். 2026–27இற் சேரும் மாணவர்க்கு 2024ஆம் ஆண்டு வருமானமே அளவுகோல். அந்நாட்டில் வரி செலுத்தும் ஒருவர் தம் ஊர் நிலத்தை விற்றால், அதில் வந்த ஆதாயம் அவ்வாண்டு வருமானத்திற் சேரும். நிலமாக நின்றபோது நூற்றுக்கு ஐந்தரை கேட்ட வாய்பாடு, ஆதாயமாக மாறிய ஆண்டில் நாற்பத்தேழு வரை கேட்கும். ஆகவே விற்பதாயின், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே விற்றுவிடுதல் நன்று. அல்லது அளவுகோலாக எடுக்கப்படும் கடைசி ஆண்டும் கழிந்தபின் விற்க.

வேறொரு படிவத்தைப் பற்றியும் எச்சரிக்கின்றோம். தனியார் கலாசாலைகள் பல, தம் சொந்த நிதியிலிருந்து கொடுக்கும் உதவிக்குச் 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' என்னும் மற்றொரு விண்ணப்பத்தைக் கேட்கின்றன. காலேஜ் போர்டு என்னும் நிறுவனம் நடத்துவது இது. அரசினர் கேளாதனவற்றை இது கேட்கும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் உறவினர் உதவியையும் கூடக் கேட்கும். அவற்றை எவ்வளவு எண்ணுவது என்பது அவ்வக் கலாசாலையின் விருப்பம். ஆர்வர்டும் பிரின்ஸ்டனும் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. பேத்தி எவ்வகைக் கலாசாலையை நாடுகின்றாள் என்பது தெரியாமல் தாத்தா முடிவு செய்தல் ஆகாது. ஆர்வர்டார் 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்கு மேற்படாத, சாதாரண அளவு சொத்துடைய குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகச் சொல்லியிருக்கின்றனர். 'சாதாரண அளவு சொத்து' என்ற அடைமொழியை நம்மவர் படிக்காமல் விட்டுவிடுகின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்ட ஒருவர், "இத்தனை எதற்கு? சொத்தை எழுதாமல் விட்டாற் போகிறது" என்று முன்பே எம்மிடம் சொன்னார். பொய் எழுதியவர்க்கு 20,000 டாலர் வரை தண்டமும் ஐந்தாண்டு வரை சிறையும் அச்சட்டத்தில் உண்டு. சட்டத்தின் ஓட்டையில் நுழைவோரையும் காண்க. 2019இல் இலினாய் மாகாணத்தில் சிகாகோ நகரை அடுத்த செல்வர் வாழும் பகுதிகளில், பெற்றோர் சிலர் பதினேழு வயதுப் பிள்ளைகளை நீதிமன்றத்தின் வழியே உறவினரிடமும் நண்பரிடமும் ஒப்புவித்து, பெற்றோர் பொருள் கணக்கிற் சேராதபடி செய்து, ஏழைகளுக்குரிய கொடையைப் பெற்றது வெளிப்பட்டது. அம்மாகாணத்துச் சர்வகலாசாலையார் ஐயுற்று ஆராய்ந்தனர், நாடெங்கும் பேச்சாயிற்று. பிள்ளை அதே வீட்டில், அதே தாய் இட்ட சோற்றை உண்டுகொண்டே, காகிதத்தில் அயலார் பிள்ளையாயிற்று! அம்மாகாணத்து உதவி நிதி தகுதியுடையார் அனைவர்க்கும் போதாதது. அவர்கள் எடுத்துக்கொண்டது, வரிசையிற் பின்னே நின்ற ஓர் ஏழைப் பிள்ளையின் பங்கு. நம் பெயரோடு இத்தகைய செய்தி ஒன்று வருமாயின் இச்சங்கம் தலைநிமிர்ந்து நிற்பது எங்ஙனம்?

கடைசியாக, நம் சங்கத்துக் கல்வி நிதியைப் பற்றி ஒரு சொல். அயல்நாட்டில் வாழும் உறுப்பினர் மக்களுக்கும் உபகாரச் சம்பளம் அனுப்புதல் வேண்டும் என்று சிலர் விரும்புகின்றனர். சங்கம் மாணவர்க்குத் தரும் உபகாரச் சம்பளம், தாத்தா தரும் பணம் போன்றதன்று. அது 'வேறு வழியால் வந்த உதவி' என்ற தலைப்பிற் கலாசாலைக்குத் தெரிவிக்கப்பட்டு, தேவையினின்றும் முழுதாகக் கழிக்கப்படும். நாம் ஆயிரம் டாலர் அனுப்பினால், கலாசாலை தன் கொடையில் ஆயிரத்தைக் குறைத்துக்கொள்ளவும் கூடும். அவ்வாறாயின் நாம் உதவியது பிள்ளைக்கன்று, கலாசாலையின் கருவூலத்துக்கு. இம்முறைகேட்டைத் தடுக்க மேரிலாந்து மாகாணத்தார் 2017இல் தம் அரசினர் கலாசாலைகள் அளவில் ஒரு சட்டம் செய்தனர். ஏனைய இடங்களில், குறைப்பதாயின் கடனை முதலிற் குறைப்பீர்களா, கொடையை முதலிற் குறைப்பீர்களா என்று கலாசாலையை எழுதிக் கேட்டு, விடை கண்ட பின்னரே அனுப்புதல் முறை.

எம் கருத்தைக் கேட்பின், அந்நாட்டு உதவிக்கு உரியரல்லாத பிள்ளைகளையே நம் நிதி முதலிற் பார்க்க வேண்டும் என்போம். ஹெச்-4 அனுமதியில் நிற்கும் பிள்ளை, இங்கிருந்து கடன் வாங்கிச் செல்லும் வாலிபன், இங்கேயே நகரக் கலாசாலையில் விடுதிக் கட்டணத்துக்குத் தவிக்கும் பெண் ஆகிய இவர்கள் பெறும் ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் கையிலேயே நிற்கும். விண்ணப்பத்தில் வீட்டுச் சேமிப்பு எவ்வளவு என்று நாம் கேட்கலாமா என்றும் நிதிக்குழுவில் வாதம் எழுந்துள்ளது. கேட்கலாம். ஆனால் சேமித்திருப்பதே குற்றமாகும்படி கேளாதிருப்போம். வருமானத்தை முதலிற் கேட்டு, சேமிப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் எண்ணி, குடியிருக்கும் வீட்டையும் பிள்ளை பெயரிற் பாட்டி போட்டு வைத்ததையும் விட்டுவிடலாம். அடுத்த நிதிக்குழுக் கூட்டத்துக்குள் விண்ணப்பப் படிவத்தின் வரைவை எழுதித் தரக் காரியதரிசி அவர்கள் இசைந்துள்ளார்கள். அதனைப் பிழை நோக்கித் தரும் வேலையை யாம் ஏற்றிருக்கின்றோம்.